இடம் மாறிய இரண்டு எழுத்து

வாய்மொழித் தேர்வு அறைக்கு வெளியே நின்றபடி அவள் கணவனுக்குப் போன் போட்டாள்.

"உள்ள போகவே பயமா இருக்குங்க. தெரிஞ்சா மானம் போயிடும்."

"இதுக்குப் போயா?" என்றான் துணிக்கடைக்காரக் கணவன். "பழுதான பக்கத்தை உள்ள மடிச்சு வெச்சுப் பேசு. யாராவது மடக்கிக் கேட்டா பதில் சொல்லாதே, திருப்பிக் கேளு. நான் தினம் அதைத்தானே பண்றேன்!"

பழுது நேற்றுதான் கண்ணில் பட்டது, ஆய்வேட்டை மறுபடி படித்தபோது.

கிழக்கே ஓர் அடி, பிறகு வடக்கே ஓர் அடி. இல்லையென்றால் முதலில் வடக்கே, பிறகு கிழக்கே. எப்படி நடந்தாலும் ஒரே இடத்துக்குத்தான் வருவோம் என்று ஊர் நம்புகிறது.

அவளுடைய வடிவியலில் அப்படி வராது. நடுவே ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளிதான் மின்சாரமும் காந்தமும் ஆகிறது, அவையும் ஈர்ப்பு விசையும் ஒரே குடும்பம் என்பது அவள் கொள்கை. வரிசை மாறினால் விடையே மாறும் என்று அடித்துப் பேசியவள், ஏழாவது சமன்பாட்டில் தானே இரண்டு எழுத்தை இடம் மாற்றிப் போட்டிருந்தாள்.

உள்ளே போய் உட்கார்ந்தாள். கரும்பலகை அருகே மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் நின்றிருந்தார். புதுச் சட்டை, கடை மடிப்புகூடக் கலையவில்லை. சுற்றிலும் பேராசிரியர்கள், ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

கண்ணாடிக்காரர் நேராக ஏழாவது சமன்பாட்டை எழுதினார்.

"இங்கதான் எனக்கு இடிக்குது" என்றார். "கீழ இருக்கற ரெண்டு எழுத்தும் இடம் மாறிப்போச்சோ?"

கணவன் சொன்னது ஞாபகம் வந்தது. "நீங்க என்ன நினைக்கறீங்க?" என்றாள்.

"திருப்பிப் போட்டுப் பார்க்கட்டுமா?"

"வேண்டாம்!"

கீச்சென்று வந்தது குரல். எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அதற்குள் அவர் எழுதத் தொடங்கிவிட்டார். கூட்ட வேண்டிய இடத்தில் கழித்தல் வந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. பலகையில் மிஞ்சியது ஒரு பூஜ்யம்.

இடைவெளி இல்லை. மின்சாரம் இல்லை. கொள்கையும் இல்லை.

இனி எதை மடித்து எங்கே வைப்பது? எழுந்து நின்றாள்.

"என் தப்புதான். வேணும்னு செய்யல. பழக்கதோஷத்துல கை மாத்திப் போட்டுடுச்சு. அந்தக் கொள்கை நிக்காது."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. அவர் முகம் அவள் முகத்தைவிட வெளுத்திருந்தது.

"மேடம்... உங்க கொள்கையை நம்பித்தானே நான் ஆராய்ச்சி பண்ணினேன். இப்ப எனக்குப் பட்டம் குடுப்பீங்களா, மாட்டீங்களா?"