கடைசி அறையில் ஒருவர்

சாமான் வைக்க அறைகளை வாடகைக்கு விடும் எங்கள் கிடங்கில் ஆட்கள் வந்துபோவதைக் கணக்கு வைக்க மூன்று மென்பொருள்களை இலவசமாக ஓட்டிப் பார்த்தேன். மாலையில் பூட்டும்போது இரண்டு, ‘எல்லோரும் வெளியேறிவிட்டார்கள்’ என்றன. மூன்றாவது மட்டும் தினமும், ‘கடைசி அறையில் ஒருவர் இருக்கிறார்’ என்றது. போய்ப் பார்த்தால் ஈ, காக்கைகூட இல்லை. இறந்துபோன என் மனைவியின் பெட்டிகள்தான் இருந்தன.

விஷயத்தைச் சொன்னதும் அந்த மூன்றாவது மென்பொருளின் விற்பனையாளர் போனில் பதறினார். “மன்னிச்சுக்குங்க சார், நாளைக்கே சரி பண்ணிடறோம்.”

“ஒண்ணும் பண்ண வேணாம். இதையே எடுத்துக்கறேன்.”

கிடங்கிலிருந்து எப்போதும் அவள்தான் கடைசியாகக் கிளம்புவாள். “லைட்டை அணைக்க உங்களுக்கு என்னைக்கு ஞாபகம் இருந்திருக்கு? நீங்க நடங்க, நான் அணைச்சுட்டு வர்றேன்” என்பாள்.

இப்போது விளக்கை எரியவிட்டே பூட்டிக்கொண்டு போகிறேன். காலையில் வந்து திறந்தால் அணைந்திருக்கிறது.