பத்து நாள் லீவு

பழைய ராணுவப் பதிவேடுகள் பேசத் தொடங்கிய பிறகு, சிப்பாய் வரதன் இறந்த நாளைக் கேட்டறிய வேலூரிலிருந்து ஆவணக் காப்பகத்துக்கு வந்திருந்தாள் அவருடைய கொள்ளுப்பேத்தி செங்கமலம். நாள் தெரிந்தால்தானே திதி கொடுக்கலாம்?

பதிவேட்டைப் பேசவைக்கும் பெட்டியிலிருந்து வந்த வரதனின் இளங்குரலோ ஒன்றையே கேட்டது. "ஐயா, பொண்ணு பொறந்திருக்குதுங்க. பத்து நாள் லீவு கேட்டேனே, என்னாச்சுங்க?"

"ஏட்டுல இருக்கறதுதான் அவருக்குத் தெரியும்க்கா," என்றார் ஊழியர். "லீவு இல்லன்னு எழுதிட்டாங்க. அப்புறம் ஆளே காணோம். செத்த நாள் பதிவாகல. யாரு வந்தாலும் ஆபீசருன்னு நெனச்சு இதே பாட்டுதான்."

செங்கமலம் யோசித்தாள். லீவு கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை; ஆனால் கொடுத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்? முன்னோரைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு கூசினாலும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வரதா, லீவு குடுத்தாச்சு. ஊட்டுக்குப் போய்க் கொழந்தயப் பாருப்பா."

பெட்டிக்குள் குரல் தழுதழுத்தது.

"நீங்க நல்லா இருக்கணுங்கய்யா. அமாவாசைக்குள்ள ஊடு சேந்துருவேங்க."

அதற்குமேல் பெட்டி பேசவில்லை.

அந்த அமாவாசையன்று செங்கமலம் வாசற்கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, கூடத்தில் ஓர் இலை அதிகமாகப் போட்டாள்.