ஐந்தரைக் கட்டை

நீலாவதி குனிந்து கீபோர்டின் சிறு திரையைப் பார்த்தாள். மூலையில் மைனஸ் மூன்று என்று காட்டியது.

அதை அணைக்கத் தேவன் அவசரமாகக் கை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

தேவன் அவளுடைய தம்பி. மலேசியாவில் கோலா சாவா தோட்டத்துக் கோயிலின் பாட்டுக் குழுவுக்கு அவன்தான் கீபோர்டு வாசிக்கிறான். குழுவை நடத்துவது நீலாவதி. ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பயிற்சிக்கு வந்த ஐந்து பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

முந்தின நாள் லோபாக் என்ற ஊரில் ஒரு விழாவுக்கு அவளைத் தனியாகப் பாட அழைத்திருந்தார்கள். அங்கே வாசித்தவர் வேறு ஆள். சுருதி எத்தனை கட்டை என்று கேட்டார். ஐந்தரை என்றாள். பதினாறு வயதிலிருந்து அவளுடைய ஷட்ஜம் நிற்கும் இடம் அதுதான். அங்கே காலை ஊன்றிக்கொண்டுதான் மேலேயும் கீழேயும் போய்வருவாள்.

சரணத்தில் மேல் பஞ்சமம் வரவில்லை.

வெறும் காற்று வந்தது. இரண்டாவது தடவை குரல் கிழிந்தது. முன் வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். வாசித்தவர் பாட்டைப் பாதியில் முடித்துவைத்தார்.

அவளுக்குச் சளி இல்லை. மேடைப் பயமும் இல்லை. அதே பாட்டை, அதே ஸ்வரத்தை, போன ஞாயிறு இந்தப் பாயில் உட்கார்ந்து சுலபமாகப் பாடியிருந்தாள். அதனால்தான் இன்று வந்ததும் வராததுமாகத் திரையைப் பார்த்தாள்.

மைனஸ் மூன்று என்றால் மூன்று அரைப்படி, அதாவது சுருதி ஒன்றரைக் கட்டை கீழே. தேவனின் விரல் ஐந்தரைக் கட்டைக்குரிய அதே கறுப்புக் கட்டையில்தான் இருக்கும். சத்தம் மட்டும் நான்கு கட்டையில் வரும். அவள் அவன் விரலைப் பார்த்து நம்பியிருந்தாள்.

எத்தனை நாளாக என்று கேட்டாள். அவள் தைராய்டு ஆப்பரேஷன் முடிந்து வந்ததிலிருந்து என்றான். எட்டு மாதம். மேல் குரல் இனித் திரும்புவது சந்தேகம் என்று அவள் மயக்கம் தெளியுமுன்னே டாக்டர் அவனிடம் சொல்லியிருக்கிறார்.

"ஒங்கிட்ட எப்படிக்கா சொல்றது? பாட்டையே விட்டுருவியோன்னு பயமா இருந்துச்சி லா."

"விடுறதா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணணும்?"

அவள் கத்தவில்லை. குரல் திரும்பிவிட்டதென்று இதே கோயிலில் பொங்கல் வைத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தாள். அவனும் இரண்டு தடவை வாங்கித் தின்றான். பொய் என்று தெரிந்துகொண்டே, நெய் போதாது என்று கேலியும் பண்ணினான்.

அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். உங்களுக்கும் தெரியுமா என்று கேட்டாள். நான்கு பேர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள்.

ஓரத்தில் இருந்த குமுதவல்லி மட்டும் நிமிர்ந்தாள்.

"மொத நாளே தெரியும்க்கா. கீழ எறங்குறப்பவே எனக்குத் தொண்ட சொல்லிருச்சி."

இதைக் கேட்டு நீலாவதிக்கு இன்னும் எரிந்தது. இத்தனை பேரும் சேர்ந்து அவளை நோயாளியாக்கி வைத்திருக்கிறார்கள். பட்டனை ஓங்கி அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள். வாசி என்றாள். தேவன் தயங்கினான். வாசி என்று மறுபடியும் சொல்லிவிட்டு, குமுதவல்லியைப் பார்த்துப் பாடச் சொன்னாள்.

குமுதவல்லி பாடினாள்.

ஐந்தரைக் கட்டையில் அவள் குரல் கீழ்ப் பஞ்சமத்தில் கனமாக, தெளிவாக நின்றது. அங்கிருந்து எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறி, நேற்று லோபாக்கில் நீலாவதியைக் கைவிட்ட ஸ்வரத்தைத் தொட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் தங்கியது.

நீலாவதி கீபோர்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு தடித்துப்போன தன் குரலுக்கு மட்டும்தான் நான்கு கட்டையின் கீழ்ப் பஞ்சமம் எட்டியது என்று இப்போதுதான் புரிந்தது. எட்டாதவர்களை அவள் திட்டினாள். எட்டு மாதமும் அதிகம் திட்டு வாங்கியது குமுதவல்லிதான். சுருதி இல்லாத ஜென்மம் என்றுகூடச் சொல்லியிருந்தாள். போன மாதம் மற்றவர்கள் முன்னால், இனி நீ வாயை மட்டும் அசை, போதும் என்று சொல்லி, அவளை அந்த ஓரத்தில் உட்காரவைத்ததும் நீலாவதிதான்.

அன்றைக்கும் குமுதவல்லி கீபோர்டை ஒரு தடவை பார்த்தாள். சரிக்கா என்றாள்.