உயரமான கன்றுகள்

ஹட்டனில் இருந்த ஆராய்ச்சி நாற்றுத் தவறணையில் ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று தேயிலைக் கன்றுகள். மறுபக்கம் சாண் உயரம்கூட எழும்பாத கன்றுகள்.

“கவர்மெண்டு சம்பளம் வாங்கிக்கிட்டு இந்தக் குள்ளனுங்களத்தான் வளத்தீங்களா, மிஸ்?” பக்கத்துத் தோட்டத்து உதவி மேனேஜர், சின்னதொரை ஜீவராஜ் உதட்டைச் சுழித்தான்.

ஆராய்ச்சி உத்தியோகத்தர் யசோதினி நிமிரவில்லை. “அது நோயோட சண்டை பிடிக்கிற கண்டுகள், சேர். பலமெல்லாம் அதிலயே போறதால வளர்த்தி குறைவு.”

“சண்டையா! தோட்டத்துக்குக் கொழுந்து வேணும் மிஸ், பட்டாளம் இல்ல. அந்த உயரமான கன்னுதான் தேயிலை! அதுக்கு என்ன உரம் போடுறீங்க? அத மட்டும் சொல்லுங்க.”

“உரமில்லை, வளர்த்தி ஓமோன். அது ஏறினால் நோயை எதிர்க்கிற மரபணுக்கள் அடங்கிப் போயிடும். எந்த நோயும் லேசில பிடிக்கும்.”

“அப்புறம் எதுக்கு அத வளக்கிறீங்க?”

“நோயைப் பிடிக்க வைச்சுப் பாக்கத்தான். போன கிழமை எல்லாத்துக்கும் இலையில கொப்புளம் போடுற நோய் ஏத்தியாச்சு. இன்னும் வெளியில தெரியேல்லை.”

ஜீவராஜின் கேலி நின்றது. “பக்கத்துல பரவுமா?”

“மலை முழுக்கப் பரவும்.” யசோதினி இப்போதுதான் நிமிர்ந்தாள். “முந்தாநாள் அந்த உயரமான கண்டுகளில ஒரு தட்டு களவு போயிட்டுது. நான் பொலிசுக்குச் சொல்லேல்லை. எடுத்தது ஆரெண்டு கொப்புளமே சொல்லும்.”

ஜீவராஜ் தன் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நேற்றுக் காலைதான், தானே உருவாக்கிய புது ஜாதி என்று பீற்றிக்கொண்டு, பெரியதொரை கைதட்ட, பங்களாவுக்குக் கீழ்மலையில் அந்தக் கன்றுகளை அவன் நட்டிருந்தான்.