பகல் தூக்கம்

"கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்பாவுக்குத் தொண்டையே வத்திப்போச்சு. நீ கட்டையா கிடந்திருக்கே. சொல்லு, தூங்கினியா இல்லையா?"

"தூங்கிட்டேன்க்கா."

தங்கை தலை நிமிராமல் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதில் அக்காவுக்குப் போதவில்லை. ஏதாவது சாக்குச் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கத்தலாம். இப்படி ஒப்புக்கொண்டு நின்றால் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

"பட்டப்பகல்ல அப்படி என்னடி தூக்கம்? நான் காலையில சலவைக் கடைக்குப் போனா இருட்டினப்புறம்தான் திரும்புறேன். அப்பா எழுந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகணும். அது முடியலையா உனக்கு?"

"என் தப்புதான்."

"தப்பாம் தப்பு! தனியா எழுந்து போய்க் குளியலறையில விழுந்து, இடுப்பெலும்பு முறிஞ்சு கிடக்காரு. இனிமே நடப்பாரான்னு டாக்டருக்கே தெரியல. நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டே."

உள்ளறைக் கட்டிலிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அங்க என்ன சத்தம்? பொடிசு எங்க கிளம்புறா?"

தங்கையின் தலையில் நரை எட்டிப்பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் அவருக்கு அவள் பொடிசுதான்.

"வேலை கிடைச்சிருக்குப்பா. விடுதியில தங்கிக்கிறேன். அக்கா உங்களைப் பார்த்துப்பா."

"மழை வர்ற மாதிரி இருக்கு. குடையை எடுத்துக்கோ. எதையாவது மறந்துட்டுப் போற ஆளு நீ."

வேலை ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். 'இரு' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருப்பதில் ஒரு சுகம் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்றேன்க்கா."

"எதுக்கு? தூங்கி எழுந்ததைச் சொல்லவா?"

தங்கை சிரித்த மாதிரிதான் இருந்தது. வாசல் கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனாள்.

அதன் பிறகு அவள் பலமுறை அழைத்தாள். அக்கா எடுக்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியைப் பகலுக்கு அமர்த்திவிட்டு வேலைக்குப் போய்வந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறிய கையில் பழைய அரிப்பு மறுபடி கிளம்பி, தோல் சிவந்து வெடித்ததும்தான் தோல் டாக்டரம்மாவைத் தேடிப் போனாள்.

"போன தடவை எழுதிக் குடுத்த க்ரீம் போடலையா?"

"தீர்ந்துபோச்சு டாக்டர்."

"அதுக்குள்ளயா? அது க்ரீமா, செவத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பா? அரிக்கிற இடத்துல மட்டும், மெல்லிசான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நிறையப் பூசினா சீக்கிரம் ஆறும்னு... மேல பிளாஸ்டிக் தாளைச் சுத்தித் துணியால கட்டினா மருந்து உள்ள நல்லா இறங்கும்னு..."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "கட்டு வேறயா? இறங்கும், நல்லாவே இறங்கும். ரத்தத்துல கலக்கும். சும்மா பூசினாலே சிலருக்குத் தூக்கம் வர வைக்கிற மருந்து அது. அப்பிக் கட்டினா உட்கார்ந்த இடத்துலயே சாய்ஞ்சிடுவீங்க. காது பக்கத்துல கத்தினாலும் எழுந்திருக்க மாட்டீங்க. வண்டி ஓட்டுவீங்களான்னு அன்னைக்கு எதுக்குக் கேட்டேன்னு நினைச்சீங்க?"

அன்று அரிப்புத் தாங்காமல் பாதிதான் காதில் வாங்கியிருந்தாள். இப்போது ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"உங்களுக்குத் தூக்கம் தள்ளலையா?"

"நான் பூசிக்கல டாக்டர்." குரல் யாருடையதோ போல வந்தது. "என் தங்கைக்கு. அப்பா துணியெல்லாம் அலசி அலசி ரெண்டு கையும் புண்ணாக் கிடந்துச்சு. கொஞ்சமாப் போதும்க்கான்னா. நான்தான் விடல. தினமும் வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி என் கையாலயே அப்பி, கட்டிவிட்டு..."

"ஒருத்தருக்கு எழுதின மருந்தை இன்னொருத்தருக்கு..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "இப்ப எப்படி இருக்காங்க?"

"தெரியல டாக்டர்."

மாடிப்படியில் வைத்தே போன் செய்தாள். மணி ஒருமுறை முழுதாக அடிக்கவில்லை.

"அக்கா! அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல... பொடிசு, அந்த க்ரீம்... அதனாலதான் நீ அன்னைக்கு..."



"யாருக்கா உன்கிட்ட சொன்னது?" என்றாள் தங்கை. "அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்க்கும்போதே நர்ஸ் என் கைக்கட்டைப் பார்த்து, என்ன க்ரீம்னு கேட்டு, தூக்கம் அதனாலதான்னு சொல்லிட்டாங்க. அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு அவங்க கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன். அப்பாதான் படுத்துட்டாரு, இது தெரிஞ்சு நீயும் படுத்துட்டா நான் என்னக்கா பண்ணுவேன்?"