சவரிநாதன் போட்ட அட்டவணை

எண்பத்தைந்தாம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலன்று, காரைக்காலுக்கு மாற்றலாகி வந்திருந்த மருதையனுக்கு யாருக்கு ஓட்டுப் போடுவதென்று விளங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பென்ஷன்காரர் சவரிநாதனிடம் போய்க் கேட்டான்.

அவர் அட்டவணையே போட்டு வைத்திருந்தார்.

"குடைச் சின்னத்துக்காரரு ஆஸ்பத்திரிக்கு இன்னும் ரெண்டு டாக்டருன்னாரு. எங்கேர்ந்து வருவாங்கன்னு கேட்டேன், திருதிருன்னு முழிச்சாரு. தராசுக்காரரு கிளிஞ்சல்மேட்டு மீனவக் குப்பத்துக்கு ராத்திரி பூரா கரண்டுன்னாரு. பகல்லயே இல்லையேன்னேன், சோடா கேட்டாரு. ரெண்டு பேருமே ஆளுக்கொரு மில்லு கொண்டாறாங்களாம். நெலம் யாரு குடுக்குறதுன்னதும் என் பேரனைத் தூக்கிக் கொஞ்ச ஆரம்பிச்சிட்டாங்க."

"அப்ப யாருக்குத்தான் சார் போடுறது?"

"குடைக்கே போடுங்க தம்பி. முழிச்சவருக்கு வெக்கமாவது இருக்கு."

தெருவுக்கு இப்படி ஒருவர் இருந்தால் நாடு உருப்பட்டுவிடும் என்று மருதையனுக்குத் தோன்றியது.

"வாங்க சார், சேர்ந்தே போய்ப் போட்டுட்டு வந்துடலாம்."

"எனக்கேது தம்பி இங்க ஓட்டு? பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவன், பிரெஞ்சுப் பிரஜை. பிரான்சுத் தேர்தலுக்குத்தான் எனக்கு ஓட்டு, பாண்டிச்சேரி பிரெஞ்சுத் தூதரகத்துல போய்ப் போடணும்."

மருதையன் ஆடிப்போனான். "அதுல யாருக்கு சார் போட்டீங்க?"

"யாருக்குத் தெரியும்? பாண்டிச்சேரியில பஸ்ஸை விட்டு எறங்குனதும் மச்சான் வேட்பாளர் பேரு அச்சடிச்ச ஓட்டுச் சீட்டு ஒண்ணை மடிச்சுக் கையில குடுத்தான். பிரிச்சுக்கூடப் பாக்காமப் போட்டுட்டுச் சாப்பிடப் போயிட்டோம்."