கனகம்மாவுக்கு ஒரு வெண்பா

"அசை சேர்ந்தாச் சீர். சீர் சேர்ந்தா அடி. உங்கட வெண்பாவுக்கு நாலடி போதும்," என்றார் தமிழாசிரியை சுலக்ஷனா.

சீனன்குடாவில் வெல்டிங் வேலை செய்யும் தவராசா கொப்பியில் எழுதிக்கொண்டார். மனைவி கனகம்மாவுக்கு ஒரு கல்வெட்டு, இறந்தவர்களைப் பாடி அச்சிடுவார்களே, அதை எழுதத்தான் ஒரு வாரமாக வந்து படிக்கிறார்.

ஐந்தாவது தடவை திருத்தியபோது தளை தட்டாமல் வந்தது.

"நல்லாயிருக்கு ஐயா. முப்பத்தோராம் நாள் கிரியை எப்ப? அச்சுக்குக் குடுக்க வேணுமெல்லே?"

"அச்சடிக்கேல்லை டீச்சர். அவ வெளியில ஆட்டோவில இருக்கிறா. இனி மருந்தில்லை எண்டு டொக்டர் சொன்ன அண்டைக்கு, 'செத்தாப்பிறகு வாசிச்சா எனக்குக் கேளாது, இப்பவே எழுதி வாசியுங்கோ' எண்டு கேட்டவ."

சுலக்ஷனா எழுந்துபோய் உட்கார இன்னொரு கதிரையை எடுத்துவந்து போட்டார்.